புது பிராசசர் போட்டேன்: ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

வடவாறு
2025 நவம்பர் 8, இரவு 10.40

வணக்கம். தஞ்சாவூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில்தான். அது இன்று மதியத்திலிருந்து எழவில்லை.

2018 நவம்பரில் வாங்கியது. ரைசன் 5 1600, பி450 சிப்செட் போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). விண்டோஸ் 10 ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் இருக்கிறது. வேலை எல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில்.

ஏழு வருடம் ஒரு குறையும் வைக்காமல் உழைத்த மெஷின். மாற்ற வேண்டி வந்ததற்கு இரண்டு காரணம். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 போடலாமா என்று பார்த்தால் 1600 பிராசசர் பட்டியலில் இல்லை என்கிறது. அப்புறம், இப்போது கேமராக்காரர்கள் எல்லோரும் 4கே-யில்தான் எடுத்துத் தருகிறார்கள். ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் விடியற்காலையில்தான் முடிகிறது.

அதனால் ரைசன் 5 5600, 16 ஜிபி ராம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் சொருகும் வகை) மூன்றும் வாங்கினேன். கடையில் போர்டு என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். "ஏஎம்4 சாக்கெட்தானே, அப்படியே உட்காரும்" என்றார்கள். உட்காரத்தான் செய்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டி, பழைய 8 ஜிபி இரண்டையும் அப்படியே விட்டு, நான்கு ஸ்லாட்டும் நிரப்பி ஆன் செய்தேன்.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. கீபோர்டில் விளக்கு எரியவில்லை. மானிட்டர் 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டுத் தூங்கிப்போகிறது. பீப் சத்தமும் இல்லை.

அந்த 4 டிபி டிஸ்க்கில் ஐப்பசி முகூர்த்தத்தில் எடுத்த மூன்று கல்யாணம் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு வேறு நகல் இல்லை. கார்டுகளை அடுத்த நிகழ்ச்சிக்காக அழித்துவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் 16-ஆம் தேதி துபாய் கிளம்புகிறார்கள், அதற்குள் கையில் கொடுக்கிறேன் என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.


விரைவு வண்டி
2025 நவம்பர் 8, இரவு 11.15

எஸ்எம்பிஎஸ்தான் சார். ஏழு வருடம் ஆன எஸ்எம்பிஎஸ்ஸில் புது பிராசசரும் எஸ்எஸ்டியும் ஏற்றினால் தாங்காது. 650 வாட் ஒன்று வாங்கி மாட்டுங்கள், சரியாகிவிடும்.


பழைய போர்டு
2025 நவம்பர் 9, காலை 6.20

வடவாறு தம்பி, அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம். நான் திருநெல்வேலியில் இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் பார்க்கிறவன். விரைவு வண்டி சொன்னது பொதுவாக நியாயமான சந்தேகம்தான், ஆனால் இங்கே பொருந்தவில்லை. 1600-ம் 65 வாட் பிராசசர், 5600-ம் 65 வாட் பிராசசர். கார்டு மாறவில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டி இழுப்பது சில வாட்தான். நேற்று வரை தாங்கிய எஸ்எம்பிஎஸ் இன்றைக்கும் தாங்கும்.

முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா? 5600-இல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் சொருகியிருந்தால் காலம் முழுக்கக் காத்திருந்தாலும் படம் வராது.

பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 8 பின் பவர் கேபிளைத் திரும்ப மாட்டினீர்களா? வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று கழற்றிவிட்டு, மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதி நான்கு சின்ன விளக்குகள் இருக்கிறதா? இருந்தால் எது எரிந்துகொண்டே இருக்கிறது?

பயாஸ், அதாவது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் போர்டிலேயே ஓடும் புரோகிராம், கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்?

கடைசிக் கேள்வி, இதுதான் முக்கியம். பழைய பிராசசர் பத்திரமாக இருக்கிறதா?


வடவாறு
2025 நவம்பர் 9, காலை 9.05

சார், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் பதில் எழுதியிருக்கிறீர்கள். நன்றி.

கேபிள் கார்டில்தான் இருக்கிறது. 8 பின் கேபிளை அழுத்திப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்திருக்கிறது. விளக்குகள் இருக்கின்றன, நேற்று நான் கவனிக்கவில்லை. சிபியு என்று எழுதியிருப்பது சிவப்பாக எரிந்துகொண்டே நிற்கிறது, மற்ற மூன்றும் எரியவில்லை.

பயாஸை நான் தொட்டதே இல்லை. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. போர்டில் உள்ள பயாஸ் சிப்பின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் வெர்ஷன் எண் இருந்தது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் போய்ப் பார்த்தேன். அது 2018 ஆகஸ்ட் மாதத்தது.

பழைய பிராசசர் விஷயம்தான் சொல்ல மனம் வரவில்லை. ஃபேனின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு ஹீட் சிங்க்கைத் தூக்கினேன். கொஞ்சம் பிடித்துக்கொண்டது. பலமாக இழுத்ததும் பிராசசரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. லீவர் மூடியபடியே இருந்தது. நடுவில் தடவியிருந்த சூடு கடத்தும் பேஸ்ட் கல்லாகக் காய்ந்திருந்தது. பிரித்து எடுக்கும்போது ஒரு மூலையில் நான்கு பின்கள் சாய்ந்துவிட்டன. உடையவில்லை, சாய்ந்திருக்கின்றன. ஒன்று ஏறக்குறைய படுத்தேவிட்டது. இனி தேவைப்படாது என்று புது பிராசசர் வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

இழுத்த இழுப்பில் சாக்கெட் போய்விட்டதா? அதுதான் இரவெல்லாம் ஓடிய கவலை.


பழைய போர்டு
2025 நவம்பர் 9, காலை 10.10

சாக்கெட் போயிருக்காது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கின்றன, சாக்கெட்டில் வெறும் துளைகள். மொத்தம் 1331 பின். லீவர் அந்தப் பின்களைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மேலே மூடி கிடையாது. அதனால் பேஸ்ட் காய்ந்திருந்தால் ஹீட் சிங்க்கோடு பிராசசர் கிளம்பி வந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. அப்புறம் வந்த ஏஎம்5-இல் பின்களைச் சாக்கெட்டுக்கு மாற்றி, மேலே இரும்புச் சட்டம் போட்டார்கள். இனிமேல் யாராவது ஏஎம்4 கழற்றுவதாக இருந்தால், பத்துப் பதினைந்து நிமிடம் மெஷினை நன்றாக ஓட வையுங்கள். பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாகத் திருகிவிட்டு அதன் பிறகு தூக்குங்கள்.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருவோம். எதுவும் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் போர்டுக்குப் புது பிராசசரை அடையாளம் தெரியவில்லை.

பயாஸுக்குள் அஜீசா என்று, ரைசன் பிராசசரின் நிறுவனமான ஏஎம்டி எழுதிக் கொடுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. பவர் வந்ததும் பிராசசரை எழுப்பி, ராமைத் தயார் செய்வது அதன் வேலை. உங்கள் பயாஸ் 2018 ஆகஸ்ட். ரைசன் 5000 வரிசையே 2020 நவம்பரில்தான் வந்தது. நீங்கள் வாங்கிய 5600 அதற்கும் பின்னால், 2022 ஏப்ரலில் வந்தது. பிறக்காத பிள்ளையின் பெயர் அந்தப் பயாஸுக்கு எப்படித் தெரியும்? எழுப்பத் தெரியாததால் முதல் படியிலேயே நிற்கிறது, சிபியு விளக்கு எரிகிறது. திரைக்குப் படம் அனுப்புவது அதற்கு வெகு தூரம் தள்ளி நடக்கிற காரியம்.

இந்த பி450 போர்டுகளுக்கு ரைசன் 5000 கிடையாது என்றுதான் ஏஎம்டி முதலில் சொன்னது. வாங்கியவர்கள் எல்லோரும் சத்தம் போட்டதால் 2020 மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டார்கள். நான் அப்போது எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு இந்தப் போர்டைத்தான் போட்டுக் கொடுத்திருந்தேன், அந்தச் செய்தி வந்த நாளில் மனது நிறைந்தது. ஆக, உங்கள் போர்டில் 5600 ஓடும். ஆனால் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். "சாக்கெட் உட்காரும்" என்பது பாதி உண்மைதான். போர்டு நிறுவனத்தின் தளத்தில் எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிக்கல் இங்கேதான். பயாஸ் அப்டேட் செய்ய மெஷின் எழ வேண்டும். மெஷின் எழப் பழைய பிராசசர் வேண்டும். சில போர்டுகளில் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்று ஒரு பொத்தான் இருக்கும். பென் டிரைவைச் சொருகி அதை அழுத்தினால் பிராசசரே இல்லாமல்கூட அப்டேட் ஆகும். உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த 1600-ஐத்தான் சரிசெய்ய வேண்டும்.


மழைக்காலம்
2025 நவம்பர் 9, காலை 11.30

அண்ணா, பொத்தான் இல்லையென்றாலும் பயப்படாதீர்கள். நான் கோயம்புத்தூரில் படிக்கும்போது இதே 1600-இல் ஆறு பின்களை நிமிர்த்தியிருக்கிறேன். என் தம்பியின் கம்ப்யூட்டரில் அது இன்னும் ஓடுகிறது.

0.5 மெக்கானிக்கல் பென்சில் ஒன்று எடுங்கள். உள்ளே இருக்கும் லெட்டை எடுத்துவிட்டால் முனையில் காலிக் குழாய் இருக்கும். பின் அதற்குள் நுழையும். நுழைத்தபின் மெதுவாக, மிக மெதுவாக நிமிர்த்துங்கள். ஒரேயடியாக நேராக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் நிமிர்த்தி, எடுத்துப் பார்த்து, திரும்பக் கொஞ்சம். ஒரு பின்னை முன்னும் பின்னுமாக ஆட்டினால் அடியில் உடைந்துவிடும். படுத்திருக்கும் பின்னுக்குப் பென்சில் நுழையாது. அதற்கு ஒரு மெல்லிய பிளேடையோ ஊசியையோ அடியில் கொடுத்து முதலில் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

பழைய ஏடிஎம் கார்டை வரிசைகளுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் போனால் வரிசை நேராக இருக்கிறது என்று அர்த்தம். நீள வாக்கில், குறுக்கு வாக்கில் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

ஃபேனைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வெளிச்சமான மேசையில், கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சாக்கெட்டில் வைக்கும்போது தங்க முக்கோணத்தைப் பார்த்து வைத்தால் தானாகவே இறங்க வேண்டும். விரலால் அழுத்தவே கூடாது. இறங்கவில்லையென்றால் எங்கோ ஒரு பின் இன்னும் சாய்ந்திருக்கிறது.


வடவாறு
2025 நவம்பர் 10, இரவு 9.50

பொத்தான் இல்லை. ஆனால் பின்கள் நிமிர்ந்துவிட்டன!

எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் மாட்டும் லென்ஸைக் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்கப் போனேன். "லென்ஸ் எதற்கு, அதை இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டார். பென்சிலைக் கையில் கொடுத்தேன், ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். தன்னுடைய இடுக்கியாலேயே நான்கையும் நிமிர்த்தினார். படுத்துக் கிடந்ததற்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஏடிஎம் கார்டை விட்டுப் பார்த்தேன், நான்கு பக்கமும் தங்குதடையில்லாமல் போனது. காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து 1600-ஐ வைத்தேன், தானாக இறங்கியது. புது ராம், என்விஎம்இ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பழைய 8 ஜிபி ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்தேன். சிபியு விளக்கு எரிந்தது, அணைந்தது. டிராம் எரிந்தது, அணைந்தது. திரையில் போர்டு படம் வந்தது. அந்தப் படத்தை ஏழு வருடமாகத் தினமும் பார்க்கிறேன், இன்று போல் என்றுமே பார்த்ததில்லை.

இன்னும் பயாஸ் அப்டேட் செய்யவில்லை. இங்கே மழை, சாயங்காலத்திலிருந்து கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஸ்டுடியோவில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதுமா? நடுவில் அணைந்தால் என்ன ஆகும்?


பழைய போர்டு
2025 நவம்பர் 11, காலை 6.05

அந்தப் பெரியவர் கைக்கு ஒரு கும்பிடு.

நடுவில் அணைந்தால், பொத்தான் இல்லாத உங்கள் போர்டில் சிப்பைக் கழற்றி வெளியே வைத்து எழுத வேண்டி வரும். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன், உங்களுக்கு வேண்டாம். கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் வரை காத்திருங்கள். இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் கரண்ட் போகும்போது மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். மாற்றியபின், பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போது மெயினை நிறுத்திப் பாருங்கள். மூன்று முறை நிறுத்தியும் மெஷின் அசையவில்லை என்றால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

பென் டிரைவை ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்யுங்கள். உங்கள் போர்டின் சரியான மாடல், ரிவிஷன் எண் பார்த்து ஃபைலை எடுங்கள். பக்கத்தில் உள்ள குறிப்பையும் படியுங்கள். சில போர்டுகளில் இவ்வளவு பழைய பயாஸிலிருந்து நேராகக் கடைசி வெர்ஷனுக்குத் தாவ முடியாது, நடுவில் ஒன்று போட வேண்டும். இன்னும் சிலவற்றில் புதிய பயாஸ் போட்டால் பழைய பிராசசர்களுக்கு ஆதரவு போய்விடும். பயாஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் வசதியைப் பயன்படுத்துங்கள், விண்டோஸிலிருந்து செய்ய வேண்டாம்.


வடவாறு
2025 நவம்பர் 11, மாலை 4.30

சார் சொன்னபடியே செய்தேன். குறிப்பைப் படித்தது நல்லதாகப் போயிற்று, என் போர்டுக்கு நடுவில் ஒரு வெர்ஷன் போடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறையும் நல்லபடியாக முடிந்தது. இப்போது இருப்பது 2024-இல் வந்த பயாஸ்.

ஆனால் விண்டோஸ் ஏறவில்லை. பூட் டிவைஸ் இல்லை என்கிறது. பயாஸுக்குள் போனால் 240 ஜிபி எஸ்எஸ்டி பெயர் தெரிகிறது. இருக்கிறது, ஆனால் அதிலிருந்து எழ மாட்டேன் என்கிறது.


பழைய போர்டு
2025 நவம்பர் 11, மாலை 5.15

2018-இல் கடைக்காரர் விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் போட்டிருப்பார். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் போட்டார்கள். அப்டேட் ஆனதும் பயாஸ் செட்டிங் எல்லாம் புதிதாகிவிட்டது, யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை மட்டும் என்று நிற்கிறது. பூட் பகுதியில், பழைய முறையையும் ஏற்கவைக்கும் சிஎஸ்எம் என்று இருப்பதை எனேபிள் செய்து சேமியுங்கள். ஏறிவிடும்.

விண்டோஸ் 11 போடும்போது சிஎஸ்எம்மைத் திரும்ப அணைக்கத்தான் வேண்டும். அதற்கு டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்று விண்டோஸிலேயே கருவி இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றும். ஆனால் அது 16-ஆம் தேதிக்கு அப்புறம். இப்போது தொடாதீர்கள்.


மழைக்காலம்
2025 நவம்பர் 11, மாலை 6.40

அண்ணா, அடுத்து 5600 போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரலாம். புது சிபியு, எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) மாறிவிட்டது, ஒய் அழுத்தினால் ரீசெட், என் அழுத்தினால் பழையபடி என்று இருக்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் ஒய் அழுத்துவதற்கு முன்னால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் போனிலிருந்தே பார்க்கலாம். போடவில்லை என்றால் தயங்காமல் ஒய்.


வடவாறு
2025 நவம்பர் 12, இரவு 12.20

சிஎஸ்எம் போட்டதும் விண்டோஸ் வந்தது. பிட்லாக்கர் இல்லை. பயாஸை மூடிவிட்டு, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திருகி எடுத்தேன். இந்த முறை 1600 சாக்கெட்டிலேயே இருந்தது. 5600 போட்டேன், மழைக்காலம் தங்கை சொன்ன செய்தி அப்படியே வந்தது, ஒய் அழுத்தினேன். விண்டோஸ் ஏறிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் 5600 என்று பார்த்ததும் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். புது ராம் இரண்டையும் போட்டேன், இரண்டு முறை தானாக அணைந்து எழுந்து சரியாகிவிட்டது. பிறகு என்விஎம்இ எஸ்எஸ்டியை மாட்டினேன். விண்டோஸ் வந்தது. 4 டிபி டிஸ்க் இல்லை.

மை கம்ப்யூட்டரில் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இல்லை. பயாஸிலும் இல்லை. காதை வைத்துக் கேட்டேன், டிஸ்க் சுற்றும் சத்தம் வருகிறது. கேபிளை மாற்றிப் போட்டேன், அப்படியும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா தாலி கட்டும் நேரத்தில் அழுத காட்சி அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி ஆன் செய்யலாமா, கூடாதா?


பழைய போர்டு
2025 நவம்பர் 12, இரவு 12.45

தூக்கம் வராமல் பார்த்தேன், நல்லதாகப் போயிற்று. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. அதன் கேபிள் போர்டில் எந்தச் சாட்டா போர்ட்டில் சொருகியிருக்கிறது? 5 அல்லது 6 என்று இருக்கும் பாருங்கள்.

ரைசன் பிராசசரிலிருந்து டேட்டா போய்வர 24 பிசிஐஇ பாதைகள் வருகின்றன. 16 கிராஃபிக்ஸ் கார்டுக்கு. 4 சிப்செட்டுக்கு. மிச்சம் 4 ஸ்டோரேஜுக்கு. அந்த நான்கையும் என்விஎம்இக்கே கொடுக்கலாம், அல்லது இரண்டை என்விஎம்இக்கும் இரண்டை இரண்டு சாட்டா போர்ட்டுக்கும் பிரிக்கலாம். இப்படிப் பகிர்ந்துகொள்ளும்படி செய்த போர்டுகள் நிறைய உண்டு. என்விஎம்இ உட்காரும் எம்.2 ஸ்லாட் காலியாக இருந்த ஏழு வருடமும் அந்த இரண்டு போர்ட் வேலை செய்தது. நேற்று நீங்கள் என்விஎம்இயைச் சொருகியதும் நான்கு பாதையும் அங்கே போய்விட்டது. டிஸ்க்குக்குக் கரண்ட் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருவதால் சுற்றுகிறது, பேசுவதற்கு வழிதான் இல்லை. கேபிளை மாற்றினேன் என்கிறீர்கள், போர்ட்டை மாற்றவில்லை.

வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கேபிளை 2 அல்லது 3-ஆம் போர்ட்டில் சொருகுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். காத்திருக்கிறேன்.


வடவாறு
2025 நவம்பர் 12, இரவு 1.05

ஆறில் இருந்தது. மூன்றுக்கு மாற்றினேன்.

வந்துவிட்டது சார். மூன்று ஃபோல்டரும் இருக்கிறது. அந்தக் காட்சியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஓடுகிறது.


பழைய போர்டு
2025 நவம்பர் 12, இரவு 1.10

சரி. இப்போது எடிட்டிங்கை ஆரம்பிக்காதீர்கள். அந்த மூன்று ஃபோல்டரில் எது தனி நகலோ அதை முதலில் புது எஸ்எஸ்டியில் எழுதுங்கள், எழுதி முடித்துத் திறந்து பாருங்கள், அப்புறம் தூங்குங்கள்.


விரைவு வண்டி
2025 நவம்பர் 12, காலை 8.30

எஸ்எம்பிஎஸ் என்று நான் சொன்னது தவறு, மன்னிக்கவும். அந்தப் பாதைக் கணக்கு எனக்கும் தெரியாது. என் போர்டின் கையேட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே குறிப்பு இருக்கிறது. பழைய 8 ஜிபி ராம் இரண்டையும் அவர் சேர்த்துப் போடலாமா?


பழைய போர்டு
2025 நவம்பர் 12, காலை 9.00

மன்னிப்பெல்லாம் எதற்கு. ராம் நான்கு ஸ்லாட்டிலும் போடலாம், ஆனால் வேகம் குறையும். இரண்டு ஸ்டிக் என்றால் 3200 வரை ஏஎம்டியே உறுதி தருகிறது. நான்கு என்றால் அதற்குக் கீழேதான். வேறு வேறு ஜோடியைக் கலந்தால் சில நேரம் எழவே எழாது. எடிட்டிங்குக்கு 32 ஜிபி போதும். ஏ2, பி2 ஸ்லாட்டில், அதாவது பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும், புது ஜோடி மட்டும் இருக்கட்டும்.


வடவாறு
2025 நவம்பர் 15, இரவு 8.15

இன்று மதியம் பென் டிரைவும் ஆல்பமும் கொடுத்துவிட்டு வந்தேன். பெண்ணின் அம்மா பாதி பார்ப்பதற்குள்ளேயே எழுந்து உள்ளே போய்விட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் மிச்சத்தைப் பார்த்தார்.

புது ஜோடி ராம் மட்டும் ஏ2, பி2-வில், 3200 வேகத்தில் ஓடுகிறது. இதே அளவு வீடியோவுக்கு முன்பு ஆறு மணி நேரம் எடுத்த ரெண்டர் மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. 4 டிபி டிஸ்க் முழுவதற்கும் வெளியே ஒரு நகல் எடுத்தாகிவிட்டது, அந்த டிஸ்க் ஸ்டுடியோவில் இல்லை, வீட்டு பீரோவில் இருக்கிறது. விண்டோஸ் 11 அடுத்த வாரம். ஜிபிடிக்கு மாற்றும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.

பழைய போர்டு சார், மழைக்காலம் தங்கை, இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தஞ்சாவூர் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வர வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளில் பயாஸ் வெர்ஷன், அப்டேட் செய்த தேதி, 'எம்.2 இருக்கும்வரை சாட்டா 5, 6 வேலை செய்யாது' என்று எழுதி, கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அந்த 1600-ஐயும் பழைய ராமையும் கடிகாரக்காரர் பேரனுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், பழைய பி350 போர்டு ஒன்று அவனிடம் இருக்கிறதாம். அதில் 1600 ஓடும்தானே?


பழைய போர்டு
2025 நவம்பர் 15, இரவு 9.00

ஓடும். பி350 போர்டுகள் வந்ததே 1600 வந்த 2017-இல்தான். பயாஸைத் தொட வேண்டியிருக்காது. ஆனால் யாராவது புதிய பயாஸ் ஏற்றியிருந்தால், அந்தப் போர்டின் பட்டியலில் 1600 இன்னும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். கொடுக்கும்போது பின்கள் கீழே படாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொடுங்கள்.